அதிகாரத்தில் இருந்தவர் எழுதிய நூலைத் தனியாகப் படிக்க வேண்டாம்

நவீன அரசியல் வரலாறு, அதிகாரம், வெளியுறவுக் கொள்கை ஆகியவற்றைப் பற்றிப் படிக்க எந்த நூலில் தொடங்கலாம் என்றும், தமிழில் என்ன கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நூலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். போரோ, ஒப்பந்தமோ, நெருக்கடியோ, எதுவானாலும் சரி. முடிவெடுத்த அறைக்குள் இருந்த ஒருவர் அதைப் பற்றி எழுதிய நூலையும், அந்த அறையின் கோப்புகள் வெளியே வந்த பிறகு அவற்றைப் படித்துப் பார்த்து ஓர் ஆய்வாளர் எழுதிய நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அந்த முடிவு யார் தலையில் விடிந்ததோ அவர்கள் எழுதியது கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரம் என்றால் என்ன என்று பொதுவாக விளக்கும் கோட்பாட்டு நூல்கள் பிறகு வரலாம். ஒரு நிகழ்ச்சியையாவது உள்ளும் புறமும் அறிந்திருந்தால்தான் அவற்றில் எது சரி, எது வெறும் சொல் என்று நமக்குத் தெரியும்.

சேலத்துக்காரன் என்பதால் 1962-இலிருந்து தொடங்குகிறேன். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917-இல் இந்நகராட்சியின் தலைவரான ராஜாஜி, தமது 83-ஆம் வயதில், 1962 செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று அதிபர் கென்னடியிடம் நேரில் வலியுறுத்தினார். அடுத்த சில வாரங்களிலேயே, அக்டோபர் 16 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் படங்கள் கென்னடியின் மேசைக்கு வந்தன. அந்தப் பதின்மூன்று நாட்களைப் பற்றி அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி எழுதிய 'தர்ட்டீன் டேஸ்', அவர் கொல்லப்பட்ட பிறகு, 1969-இல் வெளிவந்தது. சிறிய நூல், விறுவிறுப்பாகப் போகும், உறுதியும் நிதானமும் உள்ள சிலர் உலகத்தைக் காப்பாற்றினார்கள் என்ற எண்ணத்தோடுதான் அதை மூடி வைப்போம்.

ஆனால் துருக்கியில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாகச் சோவியத் தூதரிடம் இரகசியமாக ஒப்புக்கொண்டது, நெருக்கடியைத் தீர்த்த உடன்பாட்டின் ஒரு பகுதி என்பதை அந்த நூல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நூலைப் பதிப்பித்த தியோடர் சோரன்சன், ராபர்ட் கென்னடியின் நாட்குறிப்பில் அது தெளிவாக இருந்ததாகவும், அப்போது அது இரகசியமாக இருந்ததால் அச்சில் மாற்றியதாகவும் 1989-இல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகள், ஒரு தலைமுறை வாசகர்கள், விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் நெருக்கடி தீர்ந்தது என்று நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு பிற்காலத்தில் வேறு நெருக்கடிகளைக் கையாண்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு உண்மையாகவே கலக்கமாக இருக்கிறது. அந்த நாட்களின் ஆலோசனைகளைக் கென்னடி ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். வரலாற்றாய்வாளர்களான எர்னஸ்ட் மேயும் பிலிப் ஜெலிகோவும் அவற்றை எழுத்தில் வடித்து 1997-இல் வெளியிட்டார்கள். அதையும் தம்பியின் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முதல் நாட்களில் தாக்குதலின் பக்கம் சாய்ந்து பேசியவர்களுள் ராபர்ட் கென்னடியும் ஒருவர் என்பது அவருடைய சொற்களிலேயே தெரியவரும்.

இரண்டாவதாக 1971. வங்கதேசம் பிறந்த ஆண்டு என்பதோடு, அதிகாரத்தில் இருந்தவர் தம்மைப் பற்றி எப்படி எழுதுவார் என்பதை அறிய இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்போது அமெரிக்க அதிபர் நிக்ஸனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஹென்றி கிஸிஞ்சரின் 'ஒயிட் ஹவுஸ் இயர்ஸ்' 1979-இல் வந்தது. ஏறக்குறைய 1,500 பக்கம். அதில் இந்தியா–பாகிஸ்தான் நெருக்கடிக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. சீனாவுக்கான வழி பாகிஸ்தான் வழியாகத் திறந்துகொண்டிருந்தது, 1971 ஜூலையில் அவர் இரகசியமாகப் பீக்கிங் சென்றதும் அந்த வழியில்தான், எனவே பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானைப் பகைத்துக்கொள்ள முடியவில்லை என்று வாதிடுகிறார். மேற்குப் பாகிஸ்தானையும் உடைக்க இந்திரா காந்தி திட்டமிட்டார், அதைத் தடுத்தது தாங்கள்தான் என்கிறார். மிக நன்றாக எழுதக்கூடியவர். படித்துக்கொண்டிருக்கும்போது மறுத்துப் பேசவே தோன்றாது. அதனால்தான் அதோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறேன்.

அடுத்து கேரி பாஸ் எழுதி 2013-இல் வந்த 'தி பிளட் டெலிகிராம்' நூலை எடுங்கள். டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். அங்கே பணியாற்றிய 20 அமெரிக்கர்கள், கண்ணெதிரே பாகிஸ்தான் இராணுவம் நடத்தும் படுகொலையைப் பற்றித் தங்கள் அரசு வாய் திறக்காததைக் கண்டித்துக் கையெழுத்திட்ட தந்தியை, தம் ஆதரவையும் சேர்த்து, 1971 ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். அதன் பின் அந்தப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். வெள்ளை மாளிகையின் ஒலிநாடாக்களில் நிக்ஸனும் கிஸிஞ்சரும் இந்தியர்களைப் பற்றிப் பேசியிருக்கும் பேச்சு, ராஜதந்திரக் கணக்கைத் தாண்டிய வெறுப்பும் அங்கே வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. அதே ஆண்டில் வந்த ஸ்ரீநாத் ராகவனின் '1971' பல நாடுகளின் ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டது. வங்கதேசம் எப்படியும் பிறந்தே தீர்ந்திருக்கும் என்ற எண்ணத்தை அவர் ஏற்பதில்லை. பல தலைநகரங்களில், பல காரணங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் ஒன்றுகூடியதால்தான் அது அப்படி நடந்தது என்கிறார். ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான இந்திய–சோவியத் உடன்படிக்கைக்கு முன்னால் மாஸ்கோவுக்கு எவ்வளவு தயக்கம் இருந்தது என்பதை அதில் பார்த்தால், நம் பாடப்புத்தகம் சொன்ன நட்பின் கதை எவ்வளவு எளிமைப்படுத்தப்பட்டது என்று புரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணத் தொகுதிகளில் 1971 தெற்காசிய நெருக்கடிக்கென ஒரு முழுத் தொகுதியை 2005-இல் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாலை வேளை ஒதுக்கி டிசம்பர் மாதக் கூட்டக் குறிப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். பாகிஸ்தான் பக்கம் சாய வேண்டும் என்று அதிபர் விரும்புவதாக டிசம்பர் 3 அன்று கிஸிஞ்சர் அதிகாரிகளிடம் சொன்னது, யாருடைய விளக்கவுரையும் இல்லாமல் அங்கேயே கிடக்கிறது.

1962 சீனப் போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கு எல்லையில் படைக்குத் தலைமை தாங்கிய பி.எம். கௌலின் 'தி அன்டோல்ட் ஸ்டோரி', நம்காச்சு ஆற்றங்கரையில் நின்று போரிட்டுச் சிறைப்பட்ட பிரிகேடியர் ஜே.பி. தால்வியின் 'ஹிமாலயன் பிளண்டர்' ஆகிய இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும். மேலிருந்து பார்த்த போரும் ஆற்றங்கரையிலிருந்து பார்த்த போரும் ஒன்றாக இருக்காது. இதே போரைப் பற்றிப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் எழுதிய நூல் சீனாவின் பக்கம் மிகவும் சாய்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் அவர் கையில் கிடைத்த, தோல்வியை ஆராய்ந்த இந்திய இராணுவத்தின் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இந்திய அரசே மக்கள் முன் வைத்திருந்தால், அவரை மறுப்பதற்கு நமக்கும் ஆதாரம் இருந்திருக்கும்.

தமிழ் வாசகர் ஒருவர் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டியது 1987 என்று நினைக்கிறேன். அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் எழுதிய 'அசைன்மென்ட் கொழும்பு' 1998-இல் வந்தது. ஒப்பந்தத்தை முன்னின்று நடத்தியவர் எழுதியது என்பதால் அதை விட முடியாது; எங்கெங்கே கணக்குத் தவறியது என்பதையும் அவர் ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறார். அதைத் திறப்பதற்கு முன்னால், 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அன்றே இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோடு சேர்த்துப் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான். ஒப்பந்தத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு, மாகாண சபை, ஆயுத ஒப்படைப்பு ஆகியவை வருகின்றன. கடிதங்களில் வேறொன்று வருகிறது: திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் தரக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைச் சீரமைப்பதை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் செய்யும், அயல்நாட்டு வானொலி நிலையங்களை இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படுத்த விடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துப் பார்க்கும்போது, புதுடெல்லியின் மனத்தில் எது எந்த இடத்தில் இருந்தது என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு 'முறிந்த பனை'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகிய நால்வர் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழிலும் இருக்கிறது. ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படை, இலங்கை அரசு, விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள் என்று எவரையும் அது விட்டுவைக்கவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இறந்ததை, உயிர் தப்பியவர்களின் வாய்மொழியாக அது பதிவு செய்திருக்கிறது. உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி, நூல் அச்சாகி வருவதற்கு முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அமைதிப்படையில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்களும் உயிரிழந்தார்கள். தூதர் எழுதிய நூலில் 'நடவடிக்கை' என்று கடந்துபோகிற ஒரு வாரம், இந்த நூலில் பெயருள்ள மனிதர்களின் வாரமாக இருக்கிறது. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, குடியுரிமை இல்லாமலே பிள்ளை குட்டி பெற்றுவிட்டவர்களை நாம் அன்றாடம் கடந்து போகிறோம். வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லிக்காரர்களின் துறை என்று நம்மால் ஒதுங்கிவிட முடியாது.

இந்த நூல்கள் எதிலும் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பீரோவின் அடித்தட்டில் 1980-களின் பேரேடுகள் இருக்கின்றன. அக்காலத்தில் விளைந்த அராபிகாவைக் காப்பி வாரியத்தின் 'பூல்' கணக்கில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்று, பணத்தைத் தவணை தவணையாக அனுப்பும். அந்தத் தவணைகள் வந்த தேதிகளைப் பேரேட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், பனிப்போரின் முடிவு தெரியும். 1962-இல் உருவான சர்வதேசக் காப்பி உடன்படிக்கைக்கு அமெரிக்கா ஆதரவளித்ததற்கு, கியூபாவில் நடந்த புரட்சிக்குப் பிறகு இலத்தீன் அமெரிக்க விவசாயிகள் கம்யூனிசத்தின் பக்கம் போய்விடக் கூடாது என்ற அச்சமும் ஒரு காரணம். நாடுகளுக்கு ஏற்றுமதிக் கோட்டா விதித்து அந்த உடன்படிக்கை விலையைத் தாங்கிப் பிடித்தது. கோட்டாவுக்கு வெளியே சோவியத் யூனியன் ரூபாய் வணிகத்தில் நம் காப்பியை வாங்கியது. 1989 ஜூலையில் கோட்டா முறை கைவிடப்பட்டது. சில மாதங்களிலேயே உலக விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியனும் இல்லாமல் போனது. தாங்கிப் பிடித்த இரண்டு கைகளும் மூன்றே ஆண்டுகளுக்குள் விலகிவிட்டன. எங்கள் மலையில் களை எடுப்பவருக்கும் பழம் பறிப்பவருக்கும் கூலி உயராமல் நின்றதன் காரணத்தை, ரீகனைப் பற்றியும் கோர்பச்சேவைப் பற்றியும் எழுதப்பட்ட பெரிய நூல்களில் தேடினால் கிடைக்காது. அவற்றைப் படிக்கும்போது உங்கள் ஊரின் விளைபொருள், நெசவு, இரும்பு, வெள்ளைக்கல், எதுவோ அதன் கணக்கையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். வெ. சாமிநாத சர்மா 1930-களிலும் 40-களிலும், ரங்கூனில் இருந்த ஆண்டுகள் உட்பட, ஹிட்லர், முசோலினி, கமால் அத்தாதுர்க், பாலஸ்தீனம் என்று உலக அரசியலைத் தமிழ் வாசகருக்காக நூல் நூலாக எழுதினார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, எனவே தேடினால் கிடைக்கும்; நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டவை என்பதால் சில தீர்ப்புகள் காலத்தில் நிற்கவில்லை, ஆனால் அந்த நடையின் தெளிவு இன்றும் வியப்பைத் தருகிறது. ராமச்சந்திர குஹாவின் சுதந்திர இந்திய வரலாறு தமிழில் வந்திருக்கிறது. நேரு காலத்து வெளியுறவைப் புரிந்துகொள்ள அது நல்ல அடித்தளம். பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்' பத்திரிகைத் தொடராக வந்தபோதே பலரைப் பாலஸ்தீனப் பிரச்சினைக்குள் இழுத்தது. நமக்குப் பற்றாக்குறையாக இருப்பது ஆவணங்களை நேரடியாகப் பார்த்துத் தமிழில் எழுதப்பட்ட ஆய்வு நூல்கள். கச்சத்தீவைப் பற்றி மேடையில் இவ்வளவு பேசுகிறோம். 1974, 1976 ஒப்பந்தங்களின் வாசகங்களை முன்னால் வைத்து வரிவரியாக விளக்கும் தமிழ்ப் பதிப்பு ஒவ்வொரு மாவட்ட நூலகத்திலும் இருக்க வேண்டாமா?

நீங்கள் உடனே தொடங்க விரும்பினால், சேலம் மாவட்ட மைய நூலகத்தில் 'முறிந்த பனை' இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் புத்தகத் திருவிழா வரும்போது கடைக்காரர்களிடம் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். அது கைக்கு வருவதற்குள் 1987 ஒப்பந்தத்தையும் கடிதங்களையும் இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீட்சித்தின் நூலை அதற்கு அடுத்து வாங்கினால் போதும்.