போனை விடாத மகளை மையத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. இரவு ஒன்றரை மணி வரை போர்வைக்குள் இன்ஸ்டாகிராம். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறாள், மார்க்கும் இறங்கிவிட்டது. தெரிந்த ஒருவர், ‘மொபைல் அடிமை மீட்பு மையத்தில் 30 நாள் விட்டால் சரியாகிவிடும், ஆனால் நீங்கள் போய்ப் பார்க்க முடியாது’ என்கிறார். சேர்க்கலாமா?
- ஒரு தாய், தாராபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொன்னதுமே அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் துணை கட்டாயம். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கவும் கூடாது. என்னிடம் வந்த ஒரு பையனைக் குடிநோயாளிகளோடு 40 நாள் பூட்டி வைத்திருந்தார்கள். இன்றும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறான். ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குபவர் பிள்ளையின் நோயைப் பார்ப்பதில்லை. மையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

உங்கள் மகளுக்கு முதலில் தேவை தூக்கம். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது வேண்டும்; ஒன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் நாலரைதான் கிடைக்கிறது. எரிச்சலுக்கும் மறதிக்கும் அதுவே போதும். பத்து மணிக்கு எல்லார் போனும், அப்பாவுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள். முதல் வாரம் சண்டை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோம்வொர்க்கை ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் ‘போனைக் கொடுக்காதீர்கள்’ என்று பாடம் எடுக்கும் பள்ளிகள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெசேஜ் சத்தம் வந்ததும் முகம் வெளிறுகிறதா? போனைக் கவிழ்த்து வைக்கிறாளா? திடீரென்று பணம் கேட்கிறாளா? அப்படியானால் யாரோ படத்தை வைத்து மிரட்டலாம். அப்போது போனைப் பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள்; சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. எதையும் அழிக்காமல், பணமும் அனுப்பாமல், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். ‘உன்மேல் தப்பில்லை’ என்று அவளிடம் சொல்லுங்கள். அடி விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை.

சாக வேண்டும் என்று பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ அன்றே மருத்துவமனை. மற்றபடி அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில், இலவசமாகப் பேசலாம். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். கூட்டம் நிற்கும், டாக்டர்கள் போதாது. எத்தனை வருடமாகக் கேட்டும் இதே நிலைதான். காலையிலேயே சீட்டுப் போட்டுவிடுங்கள்.