‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பது ஏன் கடினம்?

ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் அந்த நாவலில் சிரிப்பு பெரும்பாலும் நிகழ்ச்சியில் இல்லை, கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இடத்தைப் பாருங்கள். மாஸ்கோவில் பெகிமோத் என்ற ஒரு பெரிய கறுப்புப் பூனை டிராமில் ஏறி, பத்து கோபெக் நாணயத்தை நடத்துநரிடம் நீட்டுகிறது. பூனைகளுக்கு அனுமதி இல்லை என்று அந்த அம்மாள் சீறுகிறாள். பூனை ஏறியதுகூடப் பெரிதில்லை, அது டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வந்ததுதான் விந்தை; அதைக் கண்டு ஒருவரும் வியக்கவில்லையே என்கிறார் கதைசொல்லி. விதிகளுக்குப் பழகி மரத்துப்போன ஒரு நகரமே அந்த வரியில் அடங்கிவிடுகிறது. கேமரா பூனையைக் காட்டும்; அந்த வரியை எப்படிக் காட்டும்?

2005இல் விளாதிமீர் போர்த்கோ பத்துப் பகுதிகளாக எடுத்த ரஷ்யத் தொடர், உரையாடல்களைப் பெரிதும் நாவலில் உள்ளபடியே வைத்தது. அது சரியான முடிவு என்பேன். நாவலுக்குள் வரும் ரோம ஆளுநர் பிலாத்து, இயேசுவின் சாயலில் அமைந்த யேசுவா இருவரின் நீண்ட பேச்சுக்கு இரண்டு மணிநேரத் திரைப்படத்தில் இடம் கிடைத்திருக்காது. ஏறக்குறைய எண்பது வயதில் பிலாத்துவாக நடித்த கிரீல் லவ்ரோவின் களைத்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மாஸ்கோவின் சாம்பல் பழுப்பு நிறமும் நன்றாகவே பொருந்தியது.

பூனைதான் தோற்றது. வாசிக்கும்போது நம் மனத்தில் உயிரோடு திரிந்த பெகிமோத், திரையில் உடை அணிந்த மனிதராகவே தெரிகிறது.