ஊர்க்காவல் யாருக்குக் கட்டுப்பட்டது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மரக்கொள்ளையரையும் போலீசையும் விரட்டிவிட்டுத் தானே காவல் காக்கும் மெக்சிகோவின் செரான் ஊரைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். லத்தீன் அமெரிக்கப் பழங்குடி மக்களின் தன்னாட்சிப் போராட்டங்களைப் பல காலமாகப் படித்தும் பாடம் நடத்தியும் வருகிறேன். தெரிந்தவரை சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, செரானில் அப்படி என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகர்)

மிச்சோகான் மாநிலத்து மலைப்பகுதியில் புரேபெச்சா பழங்குடியினர் வாழும் ஊர் செரான். மக்கள்தொகை இருபதாயிரத்தை ஒட்டி வரும். சுற்றிலும் பைன் காடு. 2008 வாக்கில் மரக்கொள்ளை தலைக்கு மேல் போனது. போதைமருந்துக் கும்பலின் ஆட்கள் துப்பாக்கியோடு காவல் வர, பட்டப்பகலில், ஊர்த் தெரு வழியாகவே லாரி லாரியாக மரம் போகும். தட்டிக் கேட்டவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமல் போனார்கள். சில வருடங்களில் காட்டில் பாதிக்கு மேல் மொட்டையாகிவிட்டது.

வெட்டு லா கோஃப்ராதியா என்ற ஊற்றை நெருங்கியது. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்று அது. அதற்கு மேல் பெண்களால் பொறுக்க முடியவில்லை. 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, விடியும் முன்பே எல் கல்வாரியோ தேவாலயத்தின் அருகில் சில பெண்கள் மரம் ஏற்ற வந்த லாரியை மறித்தார்கள். கையில் இருந்தவை கல்லும் கட்டையும் திருவிழா வாணமும்தான். கோவில் மணியை விடாமல் அடிக்க, ஊரே திரண்டது. லாரியில் வந்தவர்களில் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கும்பல் அவர்களை மீட்க வந்தபோது கூடவே நகராட்சி போலீசும் வந்தது. யார் பக்கம் யார் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அதன்பிறகு மேயர், போலீஸ், அரசியல் கட்சிகள் மூவருக்கும் ஊரில் இடமில்லாமல் போனது.

கேள்வி: அரசாங்கமே இல்லாத இடமா அது? ராணுவம், மத்திய அரசு எல்லாம் எங்கே போயின? (சேலம் வாசகி)

இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வரி வாங்க அரசு இருந்தது, ஓட்டு வாங்க இருந்தது, மேயருக்குச் சம்பளம் கொடுக்கவும் இருந்தது. மக்கள் புகார் கொடுத்தால் அந்தப் புகார் கும்பலின் கைக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அரசு பாதுகாப்புத் தரத் தவறுகிறது என்று நாம் பொதுவாகப் பேசும்போது ஏதோ கவனக்குறைவு போல ஒலிக்கிறது. மிச்சோகானில் நடந்தது கூட்டுக்களவு.

கேள்வி: தெருமுனையில் தீ மூட்டி உட்கார்ந்தே ஆட்சி நடத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விளக்க முடியுமா? (கோவை, கல்லூரி மாணவர்)

முடியும். எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

எழுச்சி நடந்தவுடன் ஊருக்கு வரும் பாதைகளை மணல் மூட்டையும் மரத்துண்டும் போட்டு அடைத்தார்கள். கும்பல் இரவில் திரும்பி வரும் என்ற பயம். அதனால் ஒவ்வொரு தெருமுனையிலும் அந்தத் தெருக்காரர்கள் தீ மூட்டி, விடிய விடிய விழித்திருந்தார்கள். இதற்கு அவர்கள் வழக்கில் ஃபொகாத்தா என்று பெயர். நான்கு பேட்டைகளிலும் சேர்த்து ஏறக்குறைய இருநூறு. வீட்டுக்கு வீடு விறகு வரும், மக்காச்சோள மாவு வரும், அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பாடு. பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளும் அங்கேதான். பல வருடம் எதிரெதிர் கட்சியில் நின்று முகம் பார்க்காமல் இருந்த அண்டை வீட்டார் ஒரே பானையில் சாப்பிட வேண்டிவந்தது. பேச்சு தானாகவே ஊர் விவகாரத்துக்கு வந்தது: யாரைக் காவலுக்கு அனுப்பலாம், காட்டை யார் பார்ப்பது, பணம் எங்கிருந்து வரும்.

அந்தப் பேச்சே பின்னால் ஆட்சிமுறையானது. ஒவ்வொரு ஃபொகாத்தாவும் தன் கருத்தைப் பேட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும். பேட்டைக்கு மூவர் வீதம் பன்னிரண்டு பேர் ஊர் மன்றத்துக்குத் தேர்வாவார்கள். வாக்குச்சீட்டு கிடையாது. பெயர் முன்மொழியப்பட்டவர்கள் முன்னால் நிற்க, ஆதரிப்பவர்கள் அவரவர் பின்னால் வரிசையில் போய் நிற்பார்கள். பதவி மூன்று வருடம். 2011 நவம்பர் 2 அன்று கூட்டாட்சித் தேர்தல் நீதிமன்றம், செரான் தன் மரபு வழியில் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012 பிப்ரவரியில் முதல் மன்றம் பொறுப்பேற்றது. 2014இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். தீ மூட்டிய கையோடு வழக்கும் போட்டார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். பழங்குடியினர் உரிமை பற்றிய மெக்சிகோ அரசியலமைப்பின் 2ஆம் பிரிவும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையும் அவர்களுக்குக் கைகொடுத்தன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். லாரியை மறித்தது பெண்கள். ஆனால் முதல் மன்றத்தின் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் ஆண்கள்தான். அங்குள்ள பெண்களே இதைப் பேசுகிறார்கள்.

கேள்வி: காவலுக்கு நிற்பவர்கள் யார்? துப்பாக்கி எங்கிருந்து வந்தது? (ஓசூர் வாசகர்)

காவலர்கள் உள்ளூர்க்காரர்கள், ஃபொகாத்தாவும் பேட்டையும் பெயர் சொல்லி அனுப்பியவர்கள். விரட்டப்பட்ட போலீசிடமிருந்து கைப்பற்றிய வண்டிகளும் துப்பாக்கிகளும்தான் தொடக்கத்தில் கைகொடுத்தன. இப்போது நகராட்சி நிதியிலிருந்தே சம்பளம். காட்டுக்குள் ரோந்து, ஊர் எல்லையில் சோதனைச் சாவடி, இரண்டும் உண்டு. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்குத் தேவைப்படும்.

கேள்வி: அதே மாநிலத்தில் ஒரு டாக்டர் தலைமையில் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்களே, அது ஏன் சிதறிப்போனது? (நாகர்கோவில் வாசகர்)

நீங்கள் கேட்பது 2013இன் ஆட்டோடெஃபென்சாக்கள், அதாவது ஆயுதமேந்திய தற்காப்புக் குழுக்கள் பற்றி. செரான் மலையில் இருக்கிறது, இது அதே மாநிலத்தின் வெக்கை நிலப்பகுதி. அங்கே காபயேரோஸ் டெம்ப்ளாரியோஸ் என்ற கும்பல் எலுமிச்சைக்கும் அவகாடோவுக்கும் மாட்டுக்கும் வரி போட்டது, இரும்புத்தாதுவைக்கூட விடவில்லை. கும்பல் சொன்ன நாளில் மட்டுமே எலுமிச்சை பறிக்கலாம் என்ற நிலை. 2013 பிப்ரவரி 24 அன்று லா ருவானாவிலும் தெபால்கதெபெக்கிலும் மக்கள் துப்பாக்கி எடுத்தார்கள். லா ருவானாவில் முன்னால் நின்றவர் எலுமிச்சை விவசாயி ஹிப்போலித்தோ மோரா. தெபால்கதெபெக்கில் டாக்டர் ஹோசே மனுவேல் மிரேலெஸ். ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு ஒரே வருடத்தில் கும்பலின் கோட்டையான அபாட்சிங்கானைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். போலீஸ் பத்து வருடத்தில் செய்யாதது அது. அந்த மக்களின் துணிச்சலை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் வளர்ந்த வேகமே வினையானது. புதிதாக ஒரு ஊருக்குள் நுழையும்போது, நேற்றுவரை கும்பலுக்கு வேலை செய்தவன் இன்று சட்டை மாற்றிக்கொண்டு சேர வந்தால் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதமும் ஆள்பலமும் தேவைப்பட்டது. "மன்னிக்கப்பட்டவர்கள்" என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. தளபதி தவறு செய்தால் அவரை இறக்க ஊர்க்கூட்டம் என்று ஒன்று மேலே இல்லை. மத்திய அரசு 2014 ஜனவரியில் முதலில் ஆயுதத்தைப் பறிக்க ராணுவத்தை அனுப்பியது. அது ரத்தக்களரியாக முடிந்ததும் மாத இறுதியில் ஒப்பந்தம் போட்டது. மே 10 அன்று சீருடை கொடுத்து ஊரகப் படை என்று பெயர் மாற்றியது. பதிவு செய்ய மறுத்த மிரேலெஸ் ஜூனில் கைதானார், 2017 வரை சிறையில் இருந்தார். 2014 டிசம்பரில் லா ருவானாவில் இரண்டு தற்காப்புக் குழுக்களே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதில் ஹிப்போலித்தோ மோராவின் மகன் இறந்தார். 2023 ஜூனில் மோராவும் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் ஆறவில்லை.

கேள்வி: அப்படியென்றால் உண்மையான ஊர்க்காவலையும் ரவுடிக் கும்பலையும் எப்படி அடையாளம் காண்பது? (சென்னை வாசகி)

துப்பாக்கியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கொள்கை அறிக்கையைப் பார்த்தும் முடியாது, டெம்ப்ளாரியோஸ் கும்பலே நன்னெறிப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்ததுதான். நான் முதலில் கேட்பது: தளபதியை நாளைக்கே வேலையை விட்டு அனுப்ப யாரால் முடியும்? செரானில் அவரைப் பேட்டைக் கூட்டம் அனுப்பிவிடும். பல இடங்களில் இதற்குப் பதிலே இருக்காது. அடுத்தது பணம். ஊர்ப் பொதுநிதியில் சம்பளம் என்றால் கணக்குக் கேட்கலாம். வியாபாரிகளிடம் நன்கொடை என்று ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் அது மாமூல் ஆகிவிடும். எதற்காக ஆயுதம் எடுத்தார்களோ அதையே இவர்களும் வசூலிப்பார்கள்.

கேள்வி: பிடிபட்ட திருடனை என்ன செய்வார்கள்? அடித்தே கொன்றுவிட மாட்டார்களா? (வேலூர், வழக்கறிஞர்)

நியாயமான பயம். மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் 1995 அக்டோபரில் ஊர்மக்களே தொடங்கிய சமூகப் போலீஸ் இதற்கு ஒரு வழி கண்டது. முதலில் பிடித்து அரசிடம் ஒப்படைத்தார்கள். பிடிபட்டவர்கள் பணம் கொடுத்து மறுநாளே வெளியே வந்தார்கள். அதனால் 1998 முதல் அந்த ஊர்களே விசாரிக்கத் தொடங்கின. குற்றவாளி ஊர் ஊராகப் போய்ப் பொது வேலை செய்ய வேண்டும், சாலை போட வேண்டும், பெரியவர்களின் அறிவுரையைக் கேட்க வேண்டும். சாப்பாடு அந்தந்த ஊர் போடும். 2011இல் மாநிலச் சட்டம் 701 இந்த அமைப்பை அங்கீகரித்தது. குறை இல்லையா? இருக்கிறது. முறைப்படியான வக்கீல் கிடையாது, ஆள்பிடித்து அடைத்து வைத்ததாகக் குற்றச்சாட்டும் உண்டு. ஒலினாலா ஊரின் சமூகப் போலீஸ் தளபதி நெஸ்தோரா சல்காதோ ஆள்கடத்தல் வழக்கில் 2013 முதல் 2016 வரை சிறையில் இருந்து விடுதலையானார், பிறகு செனட்டர் ஆனார். அவரை நாயகியாகப் பார்ப்பவர்களும் உண்டு, அவரால் அடைபட்டோம் என்பவர்களும் உண்டு.

கேள்வி: சின்னக் குழந்தைகள் துப்பாக்கியோடு அணிவகுக்கும் படம் பார்த்தேன். இதையும் ஆதரிக்கிறீர்களா? (மதுரை, இரண்டு பிள்ளைகளின் தாய்)

இல்லை அம்மா. அது குரேரோவின் நாவா பழங்குடிப் பகுதியில், 2020 ஜனவரியில் எடுத்தது. சில நாள் முன்புதான் அதே பகுதியில் இசைக்கலைஞர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். எங்களைத் திரும்பிப் பாருங்கள் என்று அரசிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய ஊர், பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கேமரா முன்னால் நிறுத்தியது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. செய்தது தவறுதான்.

கேள்வி: ஆயுதமே இல்லாமல் முடியாதா? (புதுச்சேரி வாசகர்)

கொலம்பியாவின் காவுக்கா பகுதியில் நாசா பழங்குடியினரின் காவலர்கள் கையில் வண்ண நாடா கட்டிய கோல் மட்டும்தான். நூற்றுக்கணக்கில் திரண்டு போய், கடத்தப்பட்டவர்களை மீட்டு வந்திருக்கிறார்கள். பலர் கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். அதே நாட்டில் 1994இல் அரசு அனுமதியோடு தொடங்கிய ஆயுதக் காவல் கூட்டுறவுகளில் பல, துணைப்படைக் கொலைகாரர்களோடு கலந்துபோயின.

கேள்வி: சத்தீஸ்கரின் சல்வா ஜுடுமும் இதுவும் ஒன்றுதானே, தோழர்? (திருவண்ணாமலை வாசகர்)

இல்லை தோழர். 2005இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்கள் எழுச்சி என்று சொல்லித்தான் அது வந்தது. ஆனால் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகள் என்று நியமித்து, மாதம் 3000 ரூபாய் கொடுத்துத் துப்பாக்கியும் தந்தது அரசு. ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்றார்கள். ஊர்கள் எரிந்தன, மக்கள் முகாம்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று நிறுத்தியது. அரசு தன் சண்டையை ஏழைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றியது, அதற்கு ஊர்க்காவல் என்ற பெயர் பொருந்தாது.

கேள்வி: எங்கட பக்கம் ஊர்காவல் படை என்றாலே சனத்துக்கு நடுக்கம்தான் அக்கா. (திருகோணமலை வாசகி)

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. 1980களில் எல்லைக் கிராமங்களின் சிங்கள, முஸ்லிம் மக்களுக்கு அரசு ஆயுதம் கொடுத்து உருவாக்கிய படை அது. அந்தக் கிராமங்களும் தாக்கப்பட்டுப் பயந்து கிடந்தவைதான். ஆனால் ஒரே வட்டாரத்தில் வாழும் மூன்று சமூகங்களில் இரண்டின் கையில் மட்டும் துப்பாக்கி இருந்தால், மூன்றாவது சமூகத்துக்கு அது காவலாகத் தெரியாது. செரானில் எல்லோரும் ஒரே சமூகம் என்பது அவர்களுக்கு வாய்த்த வசதி. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

கேள்வி: எங்கள் ஊரில் ஆடு திருட்டு தாங்க முடியவில்லை. நாங்களும் ராத்திரி ரோந்து போகலாமா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பெருவில் ரோந்தாஸ் கம்பெசினாஸ் என்ற விவசாயிகளின் ரோந்துக் குழுக்கள் பிறந்ததே இப்படித்தான். 1976 டிசம்பர் 29 அன்று சோத்தா மாகாணத்தின் குயூமல்கா ஊரில், மாடு திருட்டுக்கு எதிராக ஊர்க்கூட்டம் போட்டு முறைவைத்துக் காவல் போனார்கள். 2003இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

இங்கே அப்படிச் சட்டம் இல்லை. விழித்திருப்பது, விளக்கடிப்பது, சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவது எதற்கும் தடையில்லை. கண்ணெதிரே திருடுகிறவனைப் பிடிக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டிவைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். பிடிபட்டவன் உண்மையில் வழிப்போக்கனாக இருந்துவிட்டால் அந்தப் பாவத்தை எந்த ஊரும் கழுவ முடியாது. ரோந்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள், எந்தத் தெருவையும் விட்டுவிடாமல். பெயர்ப் பட்டியலை ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வருகிறவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.