வாசகர் கேள்வி – பதில்: வாடைக் காற்றும் குறைமாதப் பிள்ளையும்

மாரி தொடங்கிவிட்டது. குறைமாதத்தில், நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளைப் பற்றிய நான்கு கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறோம்.

மகளுக்கு 34 கிழமையில் பிள்ளை பிறந்தது. இப்போது 1.9 கிலோ. வீட்டுக்கு வந்து நாலு நாள். மூன்று சீலை சுற்றியும் கால் சில்லென்று இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி என்ன குளிர்?
– ஓர் அம்மம்மா, களுவாஞ்சிக்குடி

சீலை சூடு தராது, அம்மா. உள்ளே இருக்கிற சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே குளிர்ந்துபோன பிள்ளையைச் சுற்றினால் அந்தக் குளிரோடேயே அது கிடக்கும்.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைப்பிள்ளைக்கு அந்த நடுக்கம் வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு தேடும். அந்தக் கொழுப்பு சேருவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் என்பதால், முந்திப் பிறந்த பிள்ளையிடம் இருப்பு குறைவு. தோலும் மெல்லிசு, நிறையோடு பார்த்தால் உடம்பின் மேற்பரப்பும் அதிகம். பானைச் சோறும் கோப்பைச் சோறும் ஒரே நேரத்தில் இறக்கி வைத்தால் எது முதலில் ஆறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறையில் 28 பாகை என்றால் உங்களுக்குப் புழுக்கம். ஈர நெப்பியோடு பேனுக்குக் கீழே கிடக்கிற 1.9 கிலோப் பிள்ளைக்கு அது குளிர்.

சூட்டுக்காகப் போராடும்போது உடம்பிலுள்ள சீனியும் ஒட்சிசனும் வேகமாகச் செலவாகும். சீனி இறங்கினால் பிள்ளை சோர்ந்து பால் இழுக்காது. பால் போகாவிட்டால் எரிக்க ஒன்றுமில்லை, இன்னும் குளிரும்.

புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுமே குளிர் என்றால் ஆபத்து. பிறகு தெர்மோமீற்றரைக் கக்கத்தின் ஆழத்தில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். 36.5 முதல் 37.5 பாகை வரை சரி. 36.0 முதல் 36.4 வரை என்றால் உடனே நெஞ்சோடு சேர்த்துச் சூடேற்ற வேண்டும். 36க்குக் கீழே என்றால் நெஞ்சில் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பாதரசத் தெர்மோமீற்றர் பலவற்றில் அளவு 35இல்தான் தொடங்கும். அது 35இல் நின்றால் உண்மையான சூடு அதற்கும் கீழே இருக்கலாம்.

நெஞ்சோடு கட்டி வைக்கச் சொல்லி வார்ட்டில் காட்டித் தந்தார்கள். வீட்டில் செய்தால் வியர்த்து, பிள்ளை நழுவுகிறது. எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? நான் கட்டலாமா?
– ஒரு தகப்பன், திருக்கோவில்

தாராளமாக நீங்களும் கட்டலாம். தாய் குளிக்க, சாப்பிட, உறங்க வேண்டாமா? சட்டையைக் கழற்றி, கை கழுவி, நெஞ்சு வியர்வையைத் துவாயால் ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஈரம்தான் சூட்டின் முதல் எதிரி. சீலை நனைந்தால் மாற்றிவிடுங்கள்.

பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, காய்ந்த நெப்பி மட்டும் போதும். நடு நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்புங்கள். நாடி (முகவாய்) நெஞ்சில் குத்தி நிற்கக்கூடாது, கழுத்து சற்று நிமிர்ந்து மூக்கு தெரியவேண்டும். கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கியிருக்கட்டும், கைகளும் மடங்கியிருக்கட்டும். அகலமான பருத்திச் சீலையின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வரவேண்டும். பிள்ளையின் நெஞ்சு வரும் இடத்தில் இறுக்கம், வயிறு வரும் இடத்தில் தளர்ச்சி. பிள்ளை மூச்சு விடுவது வயிற்றால், அதனால்தான். நழுவுவது பெரும்பாலும் இதை மாற்றிச் செய்வதால்: மேலே தளர்ந்து கீழே இறுகிவிடுகிறது.

ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வையுங்கள். எடுத்தெடுத்து வைத்தால் பிள்ளைக்குத்தான் களைப்பு. ஆள் மாற்றி மாற்றி நாளுக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல், இயன்றால் முழுநாளும் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. சாய்கதிரையில் அல்லது தலையணை அடுக்கிப் பாதி சாய்ந்தபடி இருங்கள். பிள்ளையைக் கட்டியபடி அடுப்படிக்குப் போகவேண்டாம். 2.5 கிலோவை நெருங்கும்போது பிள்ளையே நெளிந்து, உதைத்து, போதும் என்று காட்டிவிடும்.

இதை வசதியில்லாதவர்களின் வைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டில்தான் தொடங்கியது, உண்மை. இன்று வசதியான நாடுகளிலும் செய்கிறார்கள். தாய்க்குப் பால் அதிகமாகச் சுரக்கும் என்பது மேலதிக இலாபம். இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பிப் பால் கொடுங்கள்.

ஏழாம் நாள் முடி களைந்து குளிப்பாட்ட வீட்டில் பெரியவர்கள் நிற்கிறார்கள். பிள்ளை 1.7 கிலோ. இன்னும் வார்ட்டில்தான். வந்ததும் செய்யலாமா?
– வாசகி, ஏறாவூர்

அவசரப்படவேண்டாம். இந்தப் பிள்ளையின் உடம்பில் தலையின் பங்கு பெரிது, சூடு அதிகம் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. ஏழாம் நாளில் இயலாவிட்டால் 14, 21 என்று பின்போடும் வழக்கம் இருக்கிறது. பெரியவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

வைத்தியர் சொல்லும்வரை குளிப்பாட்டவேண்டாம். இளஞ்சூட்டு நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு என்று ஓரிடமாகத் துடைத்து, அந்த இடத்தை உலர்த்தி மூடிவிட்டே அடுத்த இடத்துக்குப் போகவேண்டும். பேனை நிறுத்தி யன்னலைச் சாத்துங்கள். முழு உடம்புக்கும் எண்ணெய் தடவி வெறும் மேலோடு கிடத்துவதும் இப்போது வேண்டாம்.

தொட்டிலுக்கு மேலே குண்டு பல்ப் போடலாமா? சுடுதண்ணிப் போத்தல், தணல் சட்டி?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

மூன்றும் வேண்டாம். பல்பும் போத்தலும் மெல்லிய தோலைச் சுட்டுவிடும். அளவுக்கு மீறிச் சூடேறினால் குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வரும். மூடிய அறையில் தணல் வைத்தால் நச்சு வாயு. சாம்பிராணிப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது.

படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து வரவேண்டிய உங்களுக்கு இதையும் சொல்லவேண்டும். ஒரு மணித்தியாலம் நெஞ்சோடு வைத்தும் 36.5க்கு ஏறாவிட்டால், பால் இழுக்காவிட்டால், அழுகை முனகலானால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால் காலைவரை காத்திருக்கவேண்டாம். கிருமித் தொற்று காய்ச்சலாக இல்லாமல் குளிராகவும் வரும். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளையைத் துவாயில் சுற்றிக் கையில் ஏந்தாமல் நெஞ்சோடு கட்டியபடியே ஏறுங்கள், மேலே ஒரு போர்வை, தலையில் தொப்பி. விழுங்க இயலுமான பிள்ளை என்றால் புறப்படுமுன் பால் கொடுங்கள். கடைசியாகப் பார்த்த சூட்டளவு, நேரம், பால் குடித்த நேரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். வார்ட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.