பிரவுசரிலிருந்தே என் ஃபைல்களையும் புரோகிராம்களையும் திறக்க முடியாதா?

கேள்வி: நாள் முழுக்க பிரவுசரில்தான் இருக்கிறேன். அடிக்கடி தேவைப்படும் ஃபோல்டர்கள், பிடிஎஃப்கள், ஒரு கணக்குப் புரோகிராம் எல்லாவற்றுக்கும் லிங்க் போட்டு ஒரு எச்டிஎம்எல் பக்கம் செய்தேன். என் கணினியில் டபுள் கிளிக் செய்து திறந்தால் ஃபோல்டர் லிங்க் வேலை செய்கிறது. அதே பக்கத்தை அலுவலக சர்வரில் ஏற்றிய பிறகு, கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை. புரோகிராம் லிங்க் எங்கேயும் ஓடவில்லை, டவுன்லோட்தான் ஆகிறது. எல்லாவற்றையும் பிரவுசரே திறந்துவிட்டால் என்ன?

பதில்: உங்கள் பக்கத்தில் தப்பு எதுவும் இல்லை. பிரவுசர் வேண்டுமென்றேதான் மறுக்கிறது. சர்வரில் இருக்கும் பக்கத்தைக் குரோமில் திறந்து, எஃப்12 அழுத்தி, பிரவுசர் தன் பிழைச் செய்திகளை எழுதும் கன்சோல் என்ற பகுதியைப் பாருங்கள். லிங்க்கைக் கிளிக் செய்ததும், உள்ளூர் ஃபைலை, அதாவது உங்கள் கணினியிலேயே இருக்கும் ஃபைலை, ஏற்ற அனுமதியில்லை என்று அங்கே ஒரு வரி விழும். திரையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கன்சோலில் மட்டும் சொல்வது பெரிய குறை. லிங்க்கில்தான் ஏதோ பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. விண்டோஸ் 98-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பெட்டியில் சி டிரைவ் என்று அடித்தால், அதே விண்டோவில் உங்கள் ஃபோல்டர்கள் வந்து நிற்கும். லினக்ஸில் காங்கரர் என்ற பிரவுசரும் அப்படித்தான். பழகியவர்களுக்கு அது அருமையான வசதி. ஆனால் அதே காலத்தில் வந்த ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பம் வழியாக, வலைப்பக்கம் ஒன்று உங்கள் கணினியில் புரோகிராமையே ஓட்ட முடிந்தது. அதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2006-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, ஃபோல்டர் பார்க்கும் வேலையிலிருந்து பிரிந்துகொண்டது.

திறக்கச் சொல்வது யார் என்பதைத்தான் பிரவுசர் பார்க்கிறது. முகவரிப் பெட்டியில் நீங்களே அடித்தாலோ, ஃபைலை இழுத்துப் போட்டாலோ, புக்மார்க்கைக் கிளிக் செய்தாலோ அது உங்கள் சொல். வலைப்பக்கத்தில் இருக்கும் லிங்க், அந்தப் பக்கத்தை எழுதியவரின் சொல். அவர் யாரென்று பிரவுசருக்குத் தெரியாது.

விட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் உங்கள் கணினியில் இருக்கக்கூடிய ஒரு படத்தின் பாதையைக் கொடுத்து, அது ஏறுகிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும். எந்தப் புரோகிராம் போட்டிருக்கிறீர்கள் என்று துப்புத் துலக்கிவிடலாம். அதைவிட மோசம், அந்தப் பாதை வெளியில் இருக்கும் ஒரு சர்வரின் பகிர்வு ஃபோல்டராக இருந்தால். விண்டோஸ் அங்கே தானாகவே உள்நுழையப் பார்க்கும். உங்கள் கடவுச்சொல்லை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட பதில் அந்த சர்வருக்குப் போய்விடும். அதை வைத்துக் கடவுச்சொல்லை உடைக்கப் பார்ப்பார்கள். நீங்கள் எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டாம்.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏதாவது ஒரு தளத்தில் நீங்களாகவே ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறீர்கள். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்டால், பிரவுசர் 'ஃபேக்பாத்' என்ற பொய்யான ஃபோல்டரைச் சொல்லும். ஃபைலின் பெயர் மட்டும்தான் நிஜம். ஃபோல்டர் பெயரில் உங்கள் பெயரே இருக்கலாம் அல்லவா? அதனால்தான்.

புரோகிராம்களுக்குக் கதவு முழுக்க மூடவில்லை. மெயில் முகவரியைக் கிளிக் செய்தால் மெயில் புரோகிராம் திறக்கிறது, மீட்டிங் லிங்க் ஜூமைத் திறக்கிறது. அந்தப் புரோகிராம்கள் தங்களுக்கென்று ஒரு முகவரி முன்னொட்டை, அதாவது லிங்க்கின் தொடக்கத்தில் வரும் சொல்லை, விண்டோஸில் பதிவு செய்துவைத்திருக்கின்றன. பெரும்பாலும் பிரவுசர் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. இந்தக் கதவிலும் ஆபத்து உண்டு. 2022-இல் விண்டோஸின் பழுது கண்டறியும் கருவிக்கு இருந்த இப்படியொரு முன்னொட்டை, வேர்ட் ஆவணங்கள் வழியாகத் தூண்டித் தாக்கினார்கள். அந்தப் பதிவையே அழித்துவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் கணக்குப் புரோகிராமுக்காக நீங்களே ஒரு முன்னொட்டு பதிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டாஸ்க்பாரில் பின் செய்துவிடுங்கள், ஒரே கிளிக்கில் திறக்கும்.

சரி, உங்கள் பக்கத்தை என்ன செய்யலாம்? சர்வரிலிருந்து எடுத்து உங்கள் கணினியிலேயே வையுங்கள். அதையே பிரவுசரின் தொடக்கப் பக்கமாக்கிவிடலாம். ஃபைலிலிருந்து ஃபைலுக்குப் போகும் லிங்க்கைப் பிரவுசர் தடுப்பதில்லை. முகவரி எழுதும்போது ஃபைல் என்ற சொல், முக்காற்புள்ளி, அப்புறம் மூன்று சாய்கோடு. விண்டோஸின் பின்சாய்கோடுகளை முன்சாய்கோடாக மாற்றிவிடுங்கள். ஃபைல் பெயரில் ஹேஷ் குறி இருந்தால் அதற்குப் பதில் சதவீதக் குறியோடு 23 போடுங்கள். இல்லாவிட்டால் பெயர் அங்கேயே அறுந்துவிடும்.

மற்றவர்களும் பார்க்க வேண்டிய பிடிஎஃப்கள் என்றால், லிங்க்கை மட்டும் வைக்காமல் அந்த ஃபைல்களையே சர்வரில் ஏற்றி, வலை முகவரியில் கொடுங்கள். எந்த பிரவுசரும் திறக்கும்.

உள்ளூர் லிங்க்குகளை ஓடவைப்பதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கின்றன. ஃபைல் முகவரிகளை அணுக அனுமதி என்ற பொத்தானை அவற்றுக்குப் போட்டுவிட்டால், நீங்கள் பிரவுசரில் திறக்கும் உள்ளூர் ஃபைல்களையும் அவை படிக்க முடியும். அலுவலகக் கணினியில் வேண்டவே வேண்டாம்.

பிரவுசரிலேயே ஃபைலைத் திருத்தி அதே இடத்தில் சேமிக்க வேண்டுமென்றால், 2020-இல் குரோம் 86 அதற்கு வழி செய்தது. ஃபைலை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், எழுதுவதற்குத் தனியாக அனுமதி கேட்கும், விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களைத் தராது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இதை ஏற்கவில்லை. எனவே அலுவலகத்தில் ஆளுக்கொரு பிரவுசர் வைத்திருந்தால், இதை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.