பூங்காவில் சோறு போட்டதற்கு சம்மன்: அபராதத்தைக் கட்டிவிடலாமா?

கேள்வி: ப்ளோரிடாவில் ஐ.டி. வேலையில், ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமை மதியம் டவுன்டவுன் பூங்காவில் வீடில்லாதவர்களுக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து நாங்களும் சாப்பிடுவோம். போன வாரம் ஒரு போலீஸ் அதிகாரி, அனுமதியில்லாமல் பூங்காவில் உணவு வழங்குவது நகராட்சி விதிக்கு விரோதம் என்று என் பெயரில் ‘நோட்டீஸ் டு அப்பியர்’ எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டுவிட்டேன். “கட்டித் தொலைச்சிட்டு வாங்க” என்கிறார் மனைவி. விசாவுக்கு ஆபத்தா? விதியை இன்னும் கடுமையாக்க அடுத்த மாதம் நகர சபையில் ஓட்டெடுப்பு வருகிறதாம். எதிர்க்க வழி உண்டா?

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம், ஒரு வக்கீலிடம் காட்டும் வரை கட்டாதீர்கள்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. குடியேற்றத் துறை நாடுகடத்தல் வழக்குத் தொடங்கும்போது கொடுக்கிற நோட்டீஸுக்கும் இதே பெயர்தான். கூகுளில் தேடிப் பார்த்து நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது வேறு. கைது செய்து அழைத்துப் போவதற்குப் பதிலாக, “இந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வா” என்று ப்ளோரிடா போலீஸ் தரும் சம்மன் அது. அதில் கையெழுத்திட்டது வருகிறேன் என்ற ஒப்புதல்தான், குற்றத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆனால் சொன்ன நாளில் போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும்.

இந்த மாநிலத்தில் நகராட்சி விதியை மீறினால் அதிகபட்சம் 500 டாலர் அபராதம், 60 நாள் சிறை. நடைமுறையில் சிறை வரை போவது அபூர்வம். உங்களைப் போன்றவர்களுக்கு வலை வேறிடத்தில் இருக்கிறது. முதல் வாய்தாவிலேயே அரசுத் தரப்பு, “நோ கான்டெஸ்ட் (குற்றத்தை ஏற்கவில்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை) என்று சொல்லுங்கள், நீதிபதி தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைப்பார், கோர்ட் செலவைக் கட்டிவிட்டுப் போகலாம்” என்று பேரம் பேசலாம். உள்ளூர்க்காரருக்கு அது நல்ல பேரம். குடியேற்றச் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. குற்றத்தை ஏற்றாலும், மறுக்கவில்லை என்றாலும், அதோடு ஏதாவது தண்டனை சேர்ந்தால், தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது தண்டனை பெற்றதாகவே கணக்கில் வரக்கூடும். சோறு போட்டதற்காக யாரையும் நாடுகடத்த மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் சென்னை துணைத் தூதரகத்தில் அடுத்த விசா முத்திரைக்கு டிஎஸ்-160 படிவம் நிரப்பும்போது கைதும் தண்டனையும் பற்றிய கேள்வி வரும், அதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆகவே ‘குற்றவாளி அல்ல’ என்றே சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட தீர்ப்பு நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, எதிர்க்க வழி உண்டா என்பதற்கு வருகிறேன். உண்டு, அதுவும் உங்கள் மாநிலத்தில் பலமாகவே உண்டு. போர்ட் லாடர்டேல் நகரம் 2014 அக்டோபரில் இப்படியொரு விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே, பல வருடங்களாக வீடில்லாதவர்களுக்குச் சமைத்துப் போட்டுவந்த அர்னால்ட் ஆபட் என்ற 90 வயது முதியவருக்கு சம்மன் கொடுத்து உலகம் முழுக்கப் பேர் கெடுத்துக்கொண்டது. அங்கே ஸ்ட்ரானஹன் பூங்காவில் வாராவாரம் சைவ உணவு பரிமாறும் ‘ஃபுட் நாட் பாம்ப்ஸ்’ அமைப்பு நகராட்சி மீது வழக்குப் போட்டது. 2018ல் 11வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் பூங்காவில் உணவைப் பகிர்வதும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கும் கருத்து வெளிப்பாடே என்றது. 2021ல் அதே நீதிமன்றம், அனுமதி வாங்கச் சொன்ன பூங்கா விதியை அவர்கள்மீது செலுத்தியது செல்லாது என்றது. யாருக்கு அனுமதி தரலாம், யாருக்கு மறுக்கலாம் என்பதற்கு அந்த விதியில் அளவுகோலே இல்லை, எல்லாம் அதிகாரியின் மனம்போல. ப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா மூன்றையும் இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தும்.

நீதிபதிகள் 2018ல் எதையெல்லாம் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள், உங்கள் வழக்கின் உயிர் அதில்தான். மேசை போட்டிருந்தார்கள், பேனர் கட்டியிருந்தார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வந்தவர் யாரானாலும் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். இடமோ எல்லோரும் கூடிப் பேசும் பொதுப் பூங்கா. ஊரில் வீடில்லாதவர்களை என்ன செய்வது என்ற விவாதம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பொட்டலத்தை நீட்டிவிட்டுக் காரில் ஏறிப் போயிருந்தால் இதே தீர்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். பேனர் இருந்ததா? பழைய படங்கள், வாட்ஸ்அப் அழைப்புகள் இருக்கின்றனவா? எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இல்லாததை இப்போது உருவாக்கவேண்டாம்.

எதிர்ப்பக்கமும் வெறுங்கையோடு வராது. 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு உணவளிக்க, ஒரு அமைப்புக்கு ஒரு பூங்காவில் வருடத்தில் இரண்டே அனுமதி என்று ஆர்லாண்டோ நகரம் 2006ல் விதித்த கட்டுப்பாட்டை, இதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011ல் சரி என்றது. சிட்டி ஹாலைச் சுற்றி 42 பூங்காக்கள் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் போகலாம், வேறிடங்களிலும் கொடுக்கலாம் என்பது அதன் வாதம். ஆகவே உங்கள் ஊர் விதி எந்த ஜாதி என்பதுதான் முதல் கேள்வி. ‘இடம், நேரம், எண்ணிக்கை’ என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுத்தால் ஆர்லாண்டோ பக்கம் சாயும். ‘அதிகாரி எழுத்தில் அனுமதித்தால் சரி’ என்று மட்டும் இருந்தால் போர்ட் லாடர்டேல் பக்கம் சாயும். உங்கள் கடிதத்திலிருந்து இரண்டாவது என்று தோன்றுகிறது, ஆனால் விதியின் வாசகத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2024ல் உச்ச நீதிமன்றம் தந்த கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பையும், பொது இடத்தில் படுப்பதைத் தடுக்கும் ப்ளோரிடாவின் புதுச் சட்டத்தையும் நகராட்சி காட்டினால் மிரளவேண்டாம். இரண்டும் தூங்குவதைப் பற்றியவை, சோற்றைப் பற்றியவை அல்ல.

‘அன்னதானம் எங்கள் மதக் கடமை’ என்று வாதிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ப்ளோரிடாவில் 1998ல் வந்த மதச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மேலே சொன்ன ஆபட், கடற்கரையில் உணவளிக்கத் தடை வந்தபோது முன்பு ஒருமுறை அதை வைத்தே போராடி, மாற்று இடம் தரும்படி நகராட்சிக்கு உத்தரவு பெற்றவர். ஆனால் 2004ல் மாநில உச்ச நீதிமன்றம் அளவுகோலை இறுக்கிவிட்டது: மதம் கட்டாயப்படுத்துவதை அரசு தடுத்தாலோ, மதம் தடுப்பதைச் செய்யச் சொன்னாலோதான் பாதுகாப்பு. புண்ணியம் என்று நாம் செய்வதை, செய்தே தீரவேண்டிய கடமை என்று கோர்ட்டில் நிறுவுவது லேசல்ல. துணை வாதமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல். உங்கள் சம்மன் நிலுவையில் இருக்கும்போது நீங்களே பெடரல் கோர்ட்டுக்கு ஓடினால், “அந்த வழக்கை முடித்துவிட்டு வாருங்கள்” என்று சொல்ல வாய்ப்பு அதிகம். சம்மன் வாங்காத நண்பர்கள், தங்கள் உரிமைக்காக, அந்த விதிக்கு இடைக்காலத் தடை கேட்டு வழக்குப் போடலாம். இடைக்காலத் தடையோடு நிற்காமல் இறுதித் தீர்ப்பிலும் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தை நகராட்சியே தரவேண்டி வரும். அதனால்தான் இவ்வகை வழக்குகளை இலவசமாக எடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. போர்ட் லாடர்டேல் வழக்கை நடத்திய சதர்ன் லீகல் கவுன்சிலுக்கு எழுதிப் பாருங்கள். சம்மனுக்கு உள்ளூர் வக்கீலும், விசாவுக்கு குடியேற்ற வக்கீலும் வேண்டும். இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் பேசவையுங்கள்.

தடை கிடைக்கும் வரை அந்தப் பூங்காவுக்கு நீங்கள் போகவேண்டாம். விசாச் சிக்கல் இல்லாதவர்கள், அதாவது குடியுரிமை பெற்ற நண்பர்கள், தொடர்வதா என்பதைத் தங்கள் வக்கீலோடு பேசி முடிவு செய்யட்டும். இடைக்காலத்தில் சம்மதிக்கும் ஒரு சர்ச் வளாகத்தில், எழுத்தில் அனுமதி வாங்கிப் போடலாம்.

நகர சபை ஓட்டெடுப்புக்கு முன் பொதுமக்கள் பேச வாய்ப்புத் தரவேண்டும் என்பது ப்ளோரிடா சட்டம். ஓட்டெடுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது போய் நிற்காமல், இன்றே பொது ஆவணச் சட்டத்தின்படி மூன்றைக் கேளுங்கள்: இதுவரை எத்தனை அனுமதி விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மறுக்கப்பட்டன, மறுத்ததற்குக் காரணம் என்ன. உங்களுக்கு சம்மன் கொடுத்த அதிகாரியின் உடல் கேமரா பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். பேசப் போகிறவர் வழக்கில் இல்லாத நண்பராக இருக்கட்டும். நீங்கள் மைக்கில் சொல்வது உங்கள் வழக்கில் சாட்சியமாகத் திரும்பி வரலாம்.