ஜாங்கோவின் ஓஆர்எம் இருக்கும்போது எஸ்க்யூஎல்லைத் தனியாகக் கற்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர், பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவில் ஓரளவு தேறியவர். தரவுத்தளத்தோடு பேசும் வேலை முழுவதும், பைத்தான் நிரலைத் தரவுத்தள வினவலாக மாற்றித் தரும் ஓஆர்எம் வழியாகவே முடிந்துவிடும்போது, தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டும் என்பதே என் பதில். ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணமான வேகத்தை நான் இரண்டாவதாகவே வைப்பேன். ஓஆர்எம் கொண்டுவந்து தரும் எண் சரியானதா என்று சோதித்துச் சொல்ல எஸ்க்யூஎல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முதற்காரணம்.

நான் கோத்தகிரியில் இருந்தபடி, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். பறித்த இலையை அன்றன்றே எடை போட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் உரிய கழிவு போக நிகர எடையைப் பதிவு செய்வார்கள். இடையில் உரத்துக்கோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கோ விவசாயி முன்பணம் வாங்கிக்கொள்வார். விலை மட்டும் இலை போடும் அன்று யாருக்கும் தெரியாது. தேயிலை வாரியம் ஏல விலையை அடிப்படையாகக் கொண்டு அந்தந்த மாதத்துக்கான சராசரி விலையைப் பின்னரே அறிவிக்கிறது. ஆகவே மாதக் கணக்கை முடிக்கும்போது எடை ஓர் அட்டவணையிலிருந்தும், முன்பணம் இன்னோர் அட்டவணையிலிருந்தும், விலை மூன்றாவது அட்டவணையிலிருந்தும் வந்து ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரே வரியில் சேர வேண்டியிருக்கிறது.

ஒருவர் அந்த மாதத்தில் 20 நாள், நாளுக்கு 30 கிலோ வீதம் இலை போட்டிருக்கிறார், மூன்று தடவை ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 கிலோ, 3,000 ரூபாய். ஜாங்கோவில் விவசாயி மாடலை (விவசாயி அட்டவணையைக் குறிக்கும் பைத்தான் வகுப்பை) எடுத்து, ஒவ்வொரு வரியோடும் ஒரு கணக்கைச் சேர்த்துத் தரும் அனோட்டேட் ஒன்றுக்குள்ளேயே எடைக்கு ஒரு சம் (கூட்டல்), முன்பணத்துக்கு ஒரு சம் என்று எழுதிப் பாருங்கள். 1,800 கிலோ, 60,000 ரூபாய் என்று வரும். இரண்டு அட்டவணைகளும் ஒரே நேரத்தில் ஜாயின் ஆகும்போது, அதாவது வரிக்கு வரி இணைக்கப்படும்போது, 20 எடை வரிகளும் மூன்று முன்பண வரிகளும் ஒன்றோடொன்று பெருகி 60 வரிகளாகிவிடுகின்றன. அதன் பிறகுதான் கூட்டல் நடக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. அதைவிட மோசம், ஓர் எடைச் சீட்டும் ஒரு முன்பணமும் மட்டும் உள்ள மாதிரித் தரவை வைத்துச் சோதிப்பவருக்கு விடை மிகச் சரியாகவே வரும். இது ஜாங்கோவின் ஆவணத்திலேயே எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஜாயின் என்பது வரிகளைப் பெருக்கும் என்று அறியாதவர் அந்த எச்சரிக்கையைப் படித்தாலும் அது தமக்குத்தான் என்று உணர மாட்டார்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் அவசர வைத்தியம், சம்முக்குள் டிஸ்டின்க்ட் சேர்ப்பது. அதைச் செய்தால் மேற்சொன்ன விவசாயியின் எடை 30 கிலோவாகவும் முன்பணம் ஆயிரம் ரூபாயாகவும் சுருங்கிவிடும், ஏனெனில் ஒரே மதிப்புள்ள பதிவுகள் அனைத்தும் ஒன்றாகவே கணக்கில் வருகின்றன. எஸ்க்யூஎல்லில் எழுதிப் பழகியவர் இந்தக் குழிக்குள் இறங்கவே மாட்டார். எடை அட்டவணையை விவசாயி வாரியாகத் தனியே கூட்டி, முன்பண அட்டவணையையும் அவ்வாறே தனியே கூட்டி, ஆளுக்கு ஒரு வரியாகக் குறுகிவிட்ட அந்த இரண்டையும் இறுதியில் இணைப்பதே அவருக்கு இயல்பாகத் தோன்றும். கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் செய்துவந்ததும் இதைத்தான். ஜாங்கோவிலும் சப்க்வெரி (வினவலுக்குள் இன்னொரு வினவல்) கொண்டு இதைச் செய்துவிடலாம். ஆனால் அப்படி எழுதிய பைத்தான் வரிகள் அவை உருவாக்கும் எஸ்க்யூஎல்லைவிடப் படிக்கக் கடினமாக இருப்பதால், மாதக் கணக்கு போன்ற அறிக்கைகளை நான் நேரடியாக எஸ்க்யூஎல்லிலேயே எழுதி வைக்கிறேன்.

இனி வேகம். நம் மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு விசித்திரமான நன்மை உண்டு: இணைப்பு மெதுவாக இருப்பதால் நிரலின் குறை சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். தரவுத்தளம் அதே கணினியிலேயே இருந்தால், ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக ஒரு வினவல் அனுப்பும் சோம்பேறித்தனமான நிரல்கூட விரைவாக ஓடுவது போலவே தோன்றும். தரவுத்தளம் தொலைவில் ஒரு சர்வரில் இருந்து, மழைக்காலத்து இணைப்பில் ஒரு தடவை போய்வர 50 மில்லிவினாடி ஆகுமானால், 400 விவசாயிகளின் பட்டியலுக்கு 401 வினவல்கள் சேர்ந்து 20 வினாடியைத் தாண்டிவிடும். செலக்ட் ரிலேட்டட், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் ஆகிய இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. இவற்றில் முன்னது ஜாயின் செய்கிறது, பின்னது இரண்டாவது வினவலை அனுப்பிப் பைத்தானில் இணைக்கிறது என்ற வேறுபாடு புரிய வேண்டுமானால், அதற்கும் எஸ்க்யூஎல்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வரிகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் விஷயமும் அப்படியே. தேதியை ஆண்டு கொண்டு வடிகட்டினால் ஜாங்கோ அதை இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட வரம்பாக மாற்றி அனுப்புவதால் இண்டெக்ஸ் பயன்படும். மாதம் கொண்டு வடிகட்டினால் ஒவ்வொரு வரியின் தேதியிலிருந்தும் மாதத்தைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனாக மாற்றுவதால் தேதியின் மேலுள்ள சாதாரண இண்டெக்ஸ் உதவாது. இரண்டையும் சேர்த்து எழுதினாலும் ஓர் ஆண்டின் வரிகள் முழுவதையும் படித்த பிறகே மாதம் தேறும். மாதத்தின் முதல் நாளையும் அடுத்த மாதத்தின் முதல் நாளையும் கொடுத்து வரம்பாகக் கேட்பதே நல்லது.

இவ்வளவு சொன்னதால் ஓஆர்எம் வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஒரு பதிவைச் சேமிக்கவும் திருத்தவும், அட்டவணையின் அமைப்பை மைக்ரேஷன் வழியாகப் படிப்படியாக மாற்றவும், பயனர் தட்டச்சு செய்வதை வினவலோடு ஒட்டாமல் பாராமீட்டராகத் தனியே அனுப்பி ஊடுருவலைத் தடுக்கவும் அதற்கு இணையான வசதியை நானே எழுதிக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. எனினும் ஓஆர்எம்கள் மொழிக்கொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன: ஜாவாவில் ஹைபர்னேட், டாட்நெட்டில் என்டிட்டி ஃப்ரேம்வொர்க், பைத்தானில் ஜாங்கோவும் எஸ்க்யூஎல் ஆல்கெமியும். கணினி அறிவியலாளர் காட் 1970ல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாகக் காணும் உறவுநிலை மாதிரியும், அதன்மேல் சேம்பர்லினும் பாய்ஸும் 1974ல் வெளியிட்டு எஸ்க்யூஎல்லாக வளர்ந்த மொழியும் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கின்றன. வேலை மாறும்போது கூடவே வருவது அந்தப் பகுதிதான்.

தொடங்குவதற்கு எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். நிறுவவோ கடவுச்சொல் அமைக்கவோ தேவையில்லை, தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஓர் அட்டவணை சுட்டும் வரி மற்ற அட்டவணையில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் அயல்சாவிக் கட்டுப்பாடு அதில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். ஜாங்கோ தானாகவே அதை இயக்கிக்கொள்கிறது, நேரடியாகத் திறக்கும்போது நீங்கள்தான் இயக்க வேண்டும். உங்கள் பழைய ஜாங்கோ நிரலிலிருந்து ஒரு க்வெரிசெட்டை (ஓஆர்எம்மில் எழுதிய வினவலை) எடுத்து, அதன் க்வெரி பண்பை அச்சிட்டால் எஸ்க்யூஎல் கிடைக்கும். தேதியும் பெயரும் அதில் மேற்கோள்குறி இல்லாமல் வருவதால் அவற்றை மட்டும் திருத்திக்கொண்டு, முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் க்வெரி ப்ளான் என்று சேர்த்து எஸ்க்யூலைட்டில் ஓட்டுங்கள். ஸ்கேன் என்று வந்தால் அந்த அட்டவணையை முழுவதும் படிக்கிறது. சர்ச் என்று வந்தால் இண்டெக்ஸ் அல்லது முதன்மைச் சாவி வழியாகத் தேடுகிறது. ஜாயின், குரூப் பை (வகைவாரியாகத் தொகுப்பது), சப்க்வெரி ஆகிய மூன்றும் தெளிவாகும் வரை இதையே செய்து பாருங்கள். விண்டோ ஃபங்ஷன்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.